பூக்கண்காட்சிக்குத் தாவரவியல் பூங்கா எதற்கு?

மே மாதம் ஊட்டியிலிருந்து வரும் செய்தியைப் பத்திரிகையைப் பிரிக்காமலே சொல்லிவிடலாம். மலர்க் கண்காட்சியை அமைச்சர் தொடங்கிவைத்திருப்பார். கார்னேஷன் பூக்களைக் கொண்டு கோட்டையோ அணையோ விலங்கோ பெரிதாக எழுப்பியிருப்பார்கள். மாடங்களில் ஆயிரக்கணக்கான தொட்டிகளை அடுக்கியிருப்பார்கள். இத்தனை லட்சம் பேர் வந்தார்கள், கட்டணம் இவ்வளவு வசூலானது என்று கடைசிப் பத்தி முடியும். போன ஆண்டைவிடக் கூட்டம் கூடியிருந்தால் பூங்கா நன்றாக இருக்கிறது. குறைந்திருந்தால் ஏதோ கோளாறு.

இந்த அளவுகோலை யாரும் உட்கார்ந்து யோசித்து வகுத்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் சுற்றுலாத் துறையும் தோட்டக்கலைத் துறையும் ஊடகங்களும் டிக்கெட் வாங்கி உள்ளே போகும் நாமும் ஒருமனதாக அதை ஏற்றுக்கொண்டிருக்கிறோம். நல்ல தாவரவியல் பூங்கா என்றால் அழகாக இருக்க வேண்டும்; குடும்பத்தோடு போய்வரத் தோதாக இருக்க வேண்டும்; தன் செலவைத் தானே சம்பாதிக்க வேண்டும். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் இதோடு இன்னொன்றைச் சேர்ப்பார்கள்: நிறைய வகைச் செடிகள் இருக்க வேண்டும். இந்த நான்கும் இருந்தும் ஓர் இடம் தாவரவியல் பூங்கா என்ற வகையில் முழுத் தோல்வியாக இருக்கலாம். நான்கில் ஒன்றும் சரியாக அமையாத இடம் அந்த வேலையை மிகச் சிறப்பாகச் செய்துகொண்டும் இருக்கலாம்.

அழகின் மேல் எனக்கு எந்தப் பகையும் இல்லை. பேன்சியும் பெட்டூனியாவும் சால்வியாவும் பாத்தி பாத்தியாகப் பூத்து நிற்பதைப் பார்க்க எனக்கும் பிடிக்கும். ஆனால் அவை விதைப் பாக்கெட்டில் வருபவை. ஒரு பருவம் பூத்து, வாடியதும் பிடுங்கப்படுபவை. நகராட்சிப் பூங்காவிலும் ஹோட்டல் முற்றத்திலும் ரவுண்டானாவிலும் அதே அழகோடுதான் பூக்கும். அந்த வேலைக்காகத் தொட்டபெட்டா சரிவில் 22 ஹெக்டேர் நிலத்தையும், 1848 முதல் கைமாறி வந்த தோட்டக்காரர்களின் திறமையையும் ஒதுக்கி வைத்திருப்பது வீண். பதியம் போடவும் ஒட்டுக்கட்டவும் தெரிந்த கைகளை ஆண்டின் பாதியில் தொட்டி நிரப்ப வைக்கிறோம்.

பிறகு எதுதான் ஓர் இடத்தைத் தாவரவியல் பூங்கா ஆக்குகிறது? விடை கொஞ்சம் சலிப்பூட்டக்கூடியது: பதிவேடு. மரத்தடியில் நடப்பட்டிருக்கும் பெயர்ப்பலகையை நான் சொல்லவில்லை. அது ஊட்டியிலும் இருக்கிறது. தாவரப் பெயர், குடும்பம், பூர்வீக நாடு எல்லாம் எழுதியிருக்கும். பலகை பார்வையாளருக்கு. பதிவேடு செடிக்கு. இந்தச் செடி எந்த மலையின் எந்தச் சரிவில், எவ்வளவு உயரத்தில் எடுக்கப்பட்டது, யார் எடுத்தார், எந்த ஆண்டில், விதையாகவா தண்டாகவா, எத்தனை தாய்ச்செடிகளிலிருந்து, இங்கே எப்போது முதலில் பூத்தது என்பதெல்லாம் ஓர் எண்ணோடு கட்டப்பட்டு அதில் இருக்க வேண்டும். பதிவேடு இல்லாத செடி பட்டா இல்லாத நிலம் மாதிரி. கண்ணெதிரே இருக்கும், ஆனால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. நாளைக்கு ஒரு காட்டுத்தீயில் மலையிலிருக்கும் அந்த இனம் அழிந்துபோனால், பூங்காவில் நிற்பது அந்த மலையின் வாரிசா, ஏதோ நர்சரியில் கலந்து உருவானதா என்று தெரியாமல் அதைத் திரும்பக் கொண்டுபோய் நட முடியாது.

இது ஏட்டுச் சுரைக்காய் என்று நினைப்பவர்கள் ரோட்ரிக்ஸ் தீவின் கதையைக் கேட்க வேண்டும். மொரீஷியஸுக்குக் கிழக்கே உள்ள அந்தச் சின்னத் தீவில் ‘காஃபே மரோன்’ என்றொரு குறுமரம் இருந்தது. காபிக் குடும்பத்தைச் சேர்ந்தது, வெள்ளை நட்சத்திரமாகப் பூப்பது. 19ஆம் நூற்றாண்டில் அதைப் பற்றி எழுதியும் வரைந்தும் வைத்தார்கள். பிறகு பல பத்தாண்டுகள் யார் கண்ணிலும் படவில்லை. அழிந்துவிட்டது என்று முடிவு கட்டினார்கள். 1980இல் ஒரு பள்ளி ஆசிரியர் தீவின் அரிய செடிகளைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, மாணவன் ஒருவன் இந்த மாதிரி ஒன்றைத் தன் வீட்டுப் பக்கம் பார்த்திருப்பதாகச் சொல்லி ஒரு கிளையைக் கொண்டுவந்தான். அதுதான். உலகத்திலேயே ஒரே ஒரு மரம், சாலையோரத்தில் நின்றுகொண்டிருந்தது. செய்தி பரவியதும் ஊர்க்காரர்கள் மருந்துக்காகக் கிளைகளை ஒடிக்கத் தொடங்கினார்கள். வேலி போட்டார்கள், வேலியையும் தாண்டினார்கள். 1986இல் சில தண்டுகளை வெட்டி விமானத்தில் லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவுக்கு அனுப்பினார்கள். ஒன்று வேர்பிடித்தது.

பிழைத்துவிட்டது என்று கைதட்டிவிட்டு நகர்ந்துவிடலாமா? கியூவில் அது பூத்தது, மறுபடி மறுபடி பூத்தது, காய்க்கவே இல்லை. கண்காட்சிக் கணக்கில் அது வெற்றி: உலகின் மிக அரிய செடி, வருடம் முழுக்கப் பூ, வேறென்ன வேண்டும்? தாவரவியல் பூங்காவின் கணக்கில் அது தோல்வி, ஏனென்றால் ஒரே செடியின் தண்டுகளாகப் பெருகும் இனத்துக்கு எதிர்காலம் இல்லை. கார்லோஸ் மக்டலேனா என்ற தோட்டக்கலைஞர் மகரந்தம் எங்கே தடைபடுகிறது என்று ஒவ்வொரு பூவாகச் சோதித்துப் பார்த்தார். சூல்முடியை வெட்டிப் பார்த்தார், வெப்பத்தை மாற்றிப் பார்த்தார். 2003இல் முதல் காய் பிடித்தது. விதையிலிருந்து வந்த செடிகள் ரோட்ரிக்ஸ் தீவுக்கே திரும்பிப் போயின. இந்தக் கதையில் கூட்டம் எங்கே வருகிறது? புல்வெளி எங்கே வருகிறது? பழைய குறிப்பும் படமும் இல்லாவிட்டால் அந்தப் பையன் கொண்டுவந்தது வெறும் தழை. நாற்றங்காலில் பொறுமையான ஒரு மனிதர் இல்லாவிட்டால் அது கண்ணாடி வீட்டுக்குள் ஒரு காட்சிப் பொருள்.

வகைகளின் எண்ணிக்கையைப் பெருமையாகச் சொல்பவர்களுக்கும் ஒரு மரம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் தாவரவியல் பூங்காவைக் கவனித்துவந்த ஜான் மெட்லி வுட், 1895இல் ங்கோயே காட்டு ஓரத்தில் சைக்கட் வகை மரம் ஒன்றைக் கண்டார். ஆண் மரம். பக்கக் கன்றுகளோடு ஒரே ஒரு கூட்டமாக நின்றது. அதற்குப் பிறகு எவ்வளவு தேடியும் பெண் மரம் கிடைக்கவில்லை. இன்று உலகின் பல பூங்காக்களில் அவர் பெயரைத் தாங்கி நிற்கும் அத்தனை மரங்களும் அந்த ஒன்றின் கன்றுகள். எல்லாப் பூங்காவின் பட்டியலிலும் அது ‘ஒரு இனம்’ என்று ஏறுகிறது. ஆனால் எல்லாவற்றையும் கூட்டினாலும் ஒரு விதை வராது. ‘எங்களிடம் இரண்டாயிரம் வகை இருக்கிறது’ என்று யாராவது சொன்னால், ஒவ்வொன்றிலும் எத்தனை, எங்கிருந்து என்று கேளுங்கள். ஒரு மலையின் ஐந்து சரிவுகளிலிருந்து எடுத்த ஒரே இனத்தின் ஐம்பது செடிகளை வைத்திருப்பவர், உலகத்தின் ஐம்பது மூலைகளிலிருந்து ஐம்பது ஒற்றைச் செடிகளை வைத்திருப்பவரைவிட உருப்படியான காரியம் செய்கிறார். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், போட்டோவுக்கு ஆகாது. அது வேறு விஷயம்.

இங்கே ஓர் எதிர்ப்பு வரும் என்று எனக்குத் தெரியும். ‘நீங்கள் சொல்லும் பதிவேடு, ஹெர்பேரியம் எனும் உலர்தாவரச் சேகரிப்பு, விதை ஆராய்ச்சி எல்லாம் வெள்ளைக்காரன் தன் வியாபாரத்துக்காக உண்டாக்கியது. நமக்கு எதற்கு அந்தச் சுமை? மக்கள் வந்து சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டும்.’ இந்த வாதத்தின் முதல் பாதி உண்மை. அந்த உண்மையை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் இருக்க முடியாது. 1876இல் பிரேசிலிலிருந்து கியூவுக்குப் போன ரப்பர் விதைகளின் நாற்றுகள் இலங்கையின் ஹெனரத்கொடவுக்கும், மறு ஆண்டு சிங்கப்பூருக்கும் வந்தன. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்து, தோட்ட முதலாளிகளை விடாமல் நச்சரித்தார். பிறகு மலாயாவில் எழுந்த ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டியவர்கள் யார்? 1869இல் இலங்கைக் காபி இலைகளில் ஒரு துருநோய் தோன்றியது. பேராதனைப் பூங்காவின் இயக்குநர் துவைட்ஸ் அந்த இலையை இங்கிலாந்துக்கு அனுப்பி, அது என்ன பூஞ்சை என்று அறிந்துகொண்டார். அறிந்தும் காபியைக் காப்பாற்ற முடியவில்லை. காபி போய்த் தேயிலை வந்தது. காபிக்காகக் கடல் கடந்த தமிழ்த் தொழிலாளர்களின் சந்ததி தேயிலைத் தோட்டத்து லயத்தில் தங்கிவிட்டது. ஊட்டிப் பூங்காவை உருவாக்கிய மெக்ஐவரே நீலகிரியின் சின்கோனா தோட்டங்களுக்கும் பொறுப்பாளர். பட்டையை உரித்த இடத்தில் பாசியைக் கட்டி மறுபட்டை வளர்க்கும் வித்தையைக் கண்டவர். அரண்மனையோ ராணுவமோ செய்யாத அளவுக்கு இந்தப் பூங்காக்கள் நம் மக்களின் வாழ்க்கையைப் புரட்டிப் போட்டிருக்கின்றன.

ஆனால் அதிலிருந்து எடுக்கப்படும் முடிவுதான் வேடிக்கை. காலனி ஆட்சி ஊட்டியில் இரண்டை விட்டுச் சென்றது: ஒன்று புல்வெளி, பூப்பாத்தி, கண்ணாடி மாளிகை என்ற அலங்காரம், மற்றொன்று செடியை இனம் கண்டு, பெருக்கி, ஆராயும் பயிற்சி. நாம் அலங்காரத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, பயிற்சியை ஏகாதிபத்தியம் என்று தள்ளிவிட்டோம். மேற்கத்திய மலைவாசஸ்தல ரசனையை ஆண்டுதோறும் விழா எடுத்துக் கொண்டாடிக்கொண்டே, ஆராய்ச்சியை அந்நியம் என்று சொல்வது எந்த ஊர் சுயமரியாதை?

செடியை இனம் காணும் அக்கறை ஒன்றும் ஏகாதிபத்தியத்தோடு பிறந்ததும் அல்ல. இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகப் பூங்கா 1545இல் தொடங்கியதற்குக் காரணம் மருந்துக் கடைகளில் நடந்த குழப்பமும் போலியும்தான். மருத்துவம் படிக்கும் மாணவர்கள் உண்மையான மூலிகையை உயிரோடு பார்த்துப் பழக வேண்டும் என்று அதை அமைத்தார்கள். செடிகளைத் திருடர்கள் கொண்டுபோனதால் சுற்றிலும் வட்டமாக மதில் எழுப்பினார்கள். இன்றும் அதே இடத்தில் இருக்கிறது. நம் ஊர் நிலைமை அந்தப் பதுவாவிலிருந்து எவ்வளவு தூரம்? சென்னைத் தெருக்களில் வரிசையாக ஊசிபோல் நிமிர்ந்து நிற்கும் நெட்டிலிங்கத்தைப் பாதிப் பேர் அசோக மரம் என்கிறார்கள். பெண்களுக்கான மருந்துக்குப் பயன்படும் அசோகப் பட்டையில் நெட்டிலிங்கப் பட்டை கலப்படமாவது நாட்டுமருந்து வியாபாரத்தில் எல்லாரும் அறிந்த சங்கதி. இரண்டு மரங்களையும் அருகருகே நட்டு, இலையையும் பூவையும் பட்டையையும் தொட்டுப் பார்க்க வைக்கும் ஒரு மூலை, லட்சம் கார்னேஷன்களைவிட நூறு மடங்கு மலிவு. குறிஞ்சிப்பாட்டு 99 பூக்களை அடுக்குகிறது என்று மேடையில் மார்தட்டுகிறோம். அவற்றில் சில எந்தச் செடி என்பதில் அறிஞர்களுக்குள் இன்றுவரை உடன்பாடு இல்லை. காய்ந்த ஒரு மாதிரியும் கூடவே கிடைத்திருந்தால் அந்தச் சண்டைக்கே வேலை இருந்திருக்காது.

அழகை மட்டும் பார்த்து நட்டதன் விலையையும் நாம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் காட்டின் அடித்தளத்தை மூடிக்கொண்டிருக்கும் உன்னிச்செடி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு அழகுச்செடியாக வந்தது. மஞ்சளும் ஆரஞ்சும் இளஞ்சிவப்பும் ஒரே கொத்தில். யார் வேண்டாம் என்பார்கள்? யானையும் மானும் தின்னும் புல்லை அது இன்று தின்றுகொண்டிருக்கிறது. நீலகிரியின் மேற்பகுதிப் புல்வெளிகளில் பரவும் ஸ்காட்ச் புரூமும் பொன்னிறப் பூவுக்காக ஆசையாகக் கொண்டுவரப்பட்டதுதான். ஒரு செடியை உள்ளே விடாமல் தடுப்பதும், விட்டதைக் கண்காணிப்பதும் தாவரவியல் பூங்காவின் வேலை. பூக்கண்காட்சி நடத்துபவருக்கு அந்தக் கவலை வரக் காரணமே இல்லை. அவருக்கு வேண்டியது மே மாதத்தில் பூக்க வேண்டும், அவ்வளவுதான்.

கூட்டத்தைப் பற்றி. விஞ்ஞானம் வந்தால் மக்கள் வெளியே போய்விடுவார்கள் என்று ஒரு பயம் இருக்கிறது. சாதாரண மக்களுக்காகப் பேசுவது போலத் தோன்றும் இந்த வாதத்துக்குள் அவர்களைப் பற்றிய இளக்காரம் ஒளிந்திருக்கிறது. பூவால் செய்த யானைதான் அவர்களுக்குப் புரியும் என்று யார் சொன்னது? சிங்கப்பூர்ப் பூங்காவுக்குப் போய்ப் பாருங்கள். ஆர்க்கிட் தோட்டம் தவிர மற்ற இடத்துக்குக் கட்டணமே இல்லை. விடியற்காலை முதல் நள்ளிரவு வரை திறந்திருக்கிறது. ஓடுகிறவர்களும் குழந்தைவண்டி தள்ளுகிறவர்களும் நிறைந்திருக்கிறார்கள். அதே வளாகத்தில் லட்சக்கணக்கான உலர்தாவர மாதிரிகள் கொண்ட ஹெர்பேரியம் இயங்குகிறது. அந்த ஆர்க்கிட்டுகளும் சும்மா வந்தவை அல்ல. 1920களின் பிற்பகுதியில் ஹோல்ட்டம் என்ற இயக்குநர் கண்ணாடிக் குடுவையில் ஆர்க்கிட் விதையை முளைக்கவைத்துக் கலப்பினங்களை உருவாக்கியதன் தொடர்ச்சிதான், இன்று வெளிநாட்டுத் தலைவர்கள் பெயரைச் சூட்டிக்கொள்ளும் பூக்கள். அங்கே அழகு ஆய்வுக்கூடத்திலிருந்து வருகிறது. யுனெஸ்கோ 2015இல் அதை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தபோது புல்வெளிக்காக மட்டும் கொடுக்கவில்லை.

பணம் இல்லை என்ற சாக்கும் எடுபடாது. வயநாட்டின் பெரியாவில் வுல்ஃப்காங் தொயர்காஃப் என்ற ஜெர்மானியர் 1981இல் தொடங்கிய குருகுலத் தாவரவியல் காப்பகம், மேற்குத் தொடர்ச்சி மலையின் அருகிவரும் செடிகளை ஒரு சின்ன நிலத்தில் கூட்டுக் குடும்பம் போல வாழும் சிலர் கையாலேயே காத்துவருகிறது. காசா, கட்டிடமா, காட்சிக் கோபுரமா, ஒன்றும் கிடையாது. ஆரோவில்லின் தாவரவியல் பூங்கா முந்திரித் தோட்டமாகக் கிடந்த 50 ஏக்கரில் ஆரம்பித்தது. சோழமண்டலக் கரையின் வறண்ட பசுமைமாறாக் காடு இன்று கோயில் காடுகளாகத் துண்டு துண்டாய் மிஞ்சியிருக்கிறது; அந்தத் துண்டுகளிலிருந்து விதை பொறுக்கி வந்து வீரையையும் காயாவையும் உலக்கைப்பாலையையும் அங்கே வளர்த்தெடுக்கிறார்கள். இந்த மரங்களின் பெயரைக்கூட நாம் மறந்துவிட்டோம். பூ சிறிது, மெதுவாக வளரும், செல்ஃபிக்கு உதவாது.

ஊட்டியும் இதைச் செய்ய முடியும், யாரையும் விட நன்றாக. பூங்காவின் மேல் எல்லையில் தோடர்களின் குடியிருப்பான மந்து இருக்கிறது. தோடர்கள் தங்கள் கோயில் கூரைக்கு வேயும் ஒரு வகைச் சதுப்புநிலப் புல் அந்த மலைக்கே உரியது. சதுப்புகள் சுருங்கச் சுருங்க அதுவும் அருகிக்கொண்டிருக்கிறது. பூங்காவின் ஒரு மூலையில் ஈரம் தேங்கும் இடமொன்றை ஒதுக்கி, எந்தச் சதுப்பிலிருந்து எந்தக் கொத்து என்று எழுதிவைத்து அந்தப் புல்லை வளர்த்தால், அது எதற்கு என்று விளக்கத் தோடர்களைவிடச் சிறந்த வழிகாட்டி கிடைக்க மாட்டார். நீலகிரியின் காட்டுப்பூவரசு செக்கச்சிவந்து பூக்கும்போது கார்னேஷன் யானைக்கு என்ன வேலை? சோலையின் ஓடைக்கரைகளில் மட்டுமே வளரும் காசித்தும்பை வகைகள் எத்தனை! அவற்றைப் பூங்காவில் பூக்கவைத்துக் காட்டினால், மக்கள் வரமாட்டார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. வந்துவிட்டுப் போகும்போது பேன்சியைத் தவிர வேறொரு பூவின் பெயரையும் கொண்டுபோவார்கள்.

இப்போது ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. செங்கல்பட்டு மாவட்டம் கடம்பூரில், கியூவின் துணையோடு ஒரு பெரிய தாவரவியல் பூங்கா அமைக்கப்போவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்திருக்கிறது. கியூ என்றதும் நம் அதிகாரிகளின் மனக்கண்ணில் தெரிவது அந்தப் பிரம்மாண்டக் கண்ணாடி மாளிகையாகத்தான் இருக்கும் என்று நான் அஞ்சுகிறேன். கியூவிடம் வாங்க வேண்டியது அதன் சேகரிப்பு ஒழுங்கும் நாற்றங்கால் பொறுமையும்தான். ஆகவே கடம்பூரில் முதல் நியமனம் யார் என்று கவனிப்போம். கட்டிடக் கலைஞரா, செடிகளின் பதிவேட்டைப் பராமரிப்பவரா? முதலில் எழுவது செயற்கை நீரூற்றா, விதை உலர்த்தும் அறையா? கோவை வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் மெட்ராஸ் ஹெர்பேரியத்தின் லட்சக்கணக்கான உலர்தாவரங்கள் இருக்கின்றன. எந்தச் செடி எந்தக் குன்றில் ஒரு காலத்தில் இருந்தது என்பதற்கு அவைதான் சாட்சி. அந்தத் தாள்களைப் புரட்டிப் பார்த்து, செங்கல்பட்டுக் குன்றுகளிலும் கிழக்குத் தொடர்ச்சி மலையிலும் நடந்து, ஒவ்வோர் இனத்துக்கும் பல தாய்ச்செடிகளிலிருந்து விதை சேர்த்து, முதல் சில ஆண்டுகள் கடம்பூர் வெறும் நாற்றங்காலாகத் தெரிந்தால் தெரியட்டும். பார்க்க ஒன்றுமே இல்லையே என்று யாராவது குறைபட்டால் படட்டும். டிக்கெட் கவுண்டரைக் கடைசியில் ஒரே வாரத்தில் கட்டிவிடலாம்.